திரிந்துபோன சிலிக்கா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என்றாவது ஊசியில் ரத்தத்துக்குள் ஏற்றலாம் என்று மூன்று நாள் மெனக்கெட்டுச் செய்த சிலிக்கா நானோ துகள்களை நானே கெடுத்துவிட்டேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

துகள் செய்வது பெரிய வித்தை இல்லை. 1968-இல் ஸ்டோபர் குழுவினர் எழுதிவைத்த முறைதான் இன்றும். எத்தனால், தண்ணீர், அம்மோனியா கலவையில் சிலிக்காவுக்கு மூலப்பொருளான டி.இ.ஓ.எஸ். என்ற திரவத்தை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால் தெளிவாக இருந்தது நீலம் பாரித்து, அப்புறம் பாலாக வெளுக்கும். அம்மோனியா நெடியில் கண் எரியும், அவ்வளவுதான். எனக்கு வந்தது சுமார் 100 நானோமீட்டர். கழுவி, ரத்தத்தின் பிஎச்சான 7.4-ஐ மாறாமல் வைத்திருக்கும் பஃபர் கரைசலில் போட்டு வைத்தேன்.

அதில் லைசோசைம் சொட்டுவிட்டேன். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கிற புரதம். கண்ணெதிரே திரிதிரியாக வந்தது. அரை மணி நேரத்தில் அடியில் வெள்ளை வண்டல், மேலே தெளிந்த நீர். எட்டிப்பார்த்த சீனியர் அக்கா, "என்னடி, பன்னீர் போடுறியா?" என்றார்.

காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. சிலிக்காவின் மேற்பரப்பு முழுக்கச் சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கானோடு ஒட்டிய ஓ.எச். தொகுதிகள். ரத்தத்தின் பிஎச்சில் அவற்றில் ஒரு பகுதி எதிர்மின்னேற்றம் பெறும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பது அதனால்தான். லைசோசைமோ அந்த பிஎச்சில் நேர்மின். போய் ஒட்டி, தள்ளலைத் தணித்து, இரண்டு துகளுக்கு நடுவே பாலமும் போட்டுவிடுகிறது. அடுத்து மாட்டு ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் எதிர்மின், பால் பாலாகவே இருந்தது. அதற்காக ஒட்டவே இல்லை என்று சொல்ல முடியாது. அல்புமினிலும் அங்கங்கே நேர்மின் திட்டுகள் உண்டு, அவை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

ஒரு புரதத்துக்கே இந்தப் பாடு. ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கதைதான். எண்ணிக்கையில் அதிகமான அல்புமின் முதலில் உட்காரும். பின்னால் வரும் ஃபைப்ரினோஜன், ரத்தம் உறைய உதவும் புரதம், அதை எழுப்பிவிடும். பிறகு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிற வேறொன்று வந்து ஃபைப்ரினோஜனையே கிளப்பும். இதற்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். கண்டுபிடித்த லியோ வ்ரோமன் ரத்த ஆய்வாளர் மட்டுமல்ல, டச்சு மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவரும்கூட. எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

கடைசியில் துகளைச் சுற்றி நிற்கும் இந்தப் புரதப் போர்வைக்கு 2007-இல்தான் 'புரதக் கொரோனா' என்ற பெயர் வந்தது. செல் பார்ப்பது போர்வையைத்தான், நாம் செய்த சிலிக்காவை அல்ல. டப்ளினில் டாசன் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வை எங்கள் லேபில் பயமுறுத்தவே பயன்படுத்துவார்கள். புற்றுநோய் செல்லைத் தேடிப் போகட்டும் என்று சிலிக்கா துகளில் டிரான்ஸ்ஃபெரின் என்ற, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தைக் கட்டி அனுப்பினார்கள். செல் வளர்க்கும் வெறும் ஊடகத்தில் அது தன் ஏற்பியை, அதாவது செல்லின் மேல் தன்னைப் பிடித்துக்கொள்ளும் இடத்தை, சரியாகக் கண்டுபிடித்தது. சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் புரதம் நிறைந்த நீர், சேர்த்ததும் கொரோனா மூடிக்கொள்ள, துகள் செல்லுக்குள் போனது, ஆனால் முகவரி பார்த்துப் போகவில்லை. சீரம் இல்லாமல் பளிச்சென்று ரிசல்ட் காட்டும் கட்டுரைகளை அதிலிருந்து நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இதைச் சமாளித்தவர்களும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழு செய்த சிலிக்கா புள்ளிகள் 10 நானோமீட்டருக்கும் கீழே. மேலே பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற பாலிமர் பூச்சு. புரதம் ஒட்டுவது குறைவு, சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். 2011-இல் மனிதர்களிடம் சோதிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது.

போன வாரம் அப்பாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். ரத்தம் எடுத்த பெண் சிவப்பு மூடிக் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார். அந்தப் பிளாஸ்டிக் குழாயின் உள்சுவரில் பூசியிருப்பதும் சிலிக்காதான். ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் புரதமான பன்னிரண்டாம் உறைகாரணி அதில் ஒட்டி விழித்துக்கொள்ள, ரத்தம் சீக்கிரம் உறைந்து சீரம் பிரியும். நான் ஊசியில் ஏற்றப் பார்க்கிற அதே பொருள், இங்கே ரத்தத்தை உறைய வைப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

"காலாவதியான குழாய் ஏதாவது இருந்தா ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "அவ அப்படித்தாம்மா," என்றார் அப்பா, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.