நெவ்-ஷப்பெல்: பெயர் தேடிப் போகிறவர்களுக்கு

வடக்குப் பிரான்சில் நெவ்-ஷப்பெல் கிராமத்தை ஒட்டிய சாலைச் சந்திப்பில் இருக்கிறது இந்தியப் படையினரின் நினைவிடம். முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனையில் மாண்டு, கல்லறைகூடக் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வட்டச் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது, 1927-இல் திறந்தார்கள்.

தூணையும் கல் புலிகளையும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் மனதில் எதுவும் தங்காது. ஒரு பெயரையாவது தேர்ந்துகொண்டு போங்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். ராம் சிங் என்று மட்டும் போட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். படைப்பிரிவு, வீரரின் படை எண், இறந்த தேதி ஆகியவற்றால் வடிகட்டுங்கள். பலருடைய பதிவில் தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். எழுத்துக்கூட்டல்தான் பெரிய தொல்லை. 1915 மார்ச் 10 அன்று இங்கே விழுந்த 39-ஆம் கர்வால் ரைபிள்ஸ் வீரர் கபர் சிங் நேகி, பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிப்பில் 'கோபர் சிங்' ஆகிவிட்டார். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்.

பதிவிலுள்ள பலகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதன்பிறகே பெயர். உச்சி வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூசவைக்கும். சாய்வெயிலில்தான் வெட்டின் நிழல் எழுத்தைக் காட்டும். சுவர் வளைந்திருப்பதால் ஒவ்வொரு பலகைக்கும் வெளிச்சம் வாய்க்கும் நேரம் வேறு. படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டி தேய்க்கவே கூடாது, கல் பாழாகும்.

யாரோ ஆண்ட பேரரசுக்காகப் போன உயிர்கள் இவை. அந்தப் போரைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

எல்லை தாண்டினால் பெல்ஜியத்தின் ஈப்பர். அங்கே போரில் மாண்டவர்களின் நினைவாக எழுப்பிய மெனின் வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு ஊதுகொம்பு அஞ்சலி. கூட்டம் நெருக்கும், முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய் நில்லுங்கள். முடிந்ததும் கைதட்டாதீர்கள்.

1915 கடைசியில் இந்தியக் காலாட்படையை பிரான்சிலிருந்து மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) அனுப்பினார்கள். அங்கே மடிந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டுமே. இத்தகைய பாகுபாட்டுக்கு ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது. அந்தச் சிப்பாய்களையும் இணையப் பதிவேட்டில் தேடிப் படியுங்கள்.