ஏரிய சுருக்கி பார்க் கட்டாதீங்க

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு கடல் கிடையாது, ஆனா ஆடிப்பெருக்கு அன்னிக்கோ காணும் பொங்கல் அன்னிக்கோ கேஆர்பி டேம்னு சொல்ற கிருஷ்ணகிரி அணை பக்கம் போய்ப் பாருங்க, வண்டி நிறுத்த இடம் இருக்காது. தூக்குச்சட்டில புளி சாதம் கட்டிக்கிட்டு குடும்பம் குடும்பமா வந்து இறங்குவாங்க, சுடச்சுட டேம் மீன் வறுவல் ஒரு பக்கம் போயிட்டே இருக்கும், பெரியவங்க புல்லுல துண்ட விரிச்சு படுத்துருவாங்க. காமராஜர் காலத்துல விவசாயத்துக்காக கட்டுன டேம், இன்னிக்கு சுத்துப்பட்டு ஜனத்துக்கு பெருசா செலவில்லாம ஒரு நாள் போய்ட்டு வர்ற இடமும் அதுதான். அவதானப்பட்டி ஏரியில போட் விட்டதும் பார்க் வச்சதும் அதே காரணத்துக்குத்தான், புள்ளைங்கள கூட்டிட்டுப் போக ஒரு தண்ணிக்கரை வேணும்.

அதனால ஏரிக்கரையில பார்க் வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. கண்டிப்பா வேணும்.

ஆனா இப்ப எங்க வீட்டுக்கிட்ட இருக்கற ஏரியில நடக்கற வேலைய தினமும் பாத்துட்டு வர்றதால இத எழுதாம இருக்க முடியல. வாக்கிங் டிராக் போடறேன்னு சொல்லி கரை மேல போடாம கரைக்கு உள்பக்கம், தண்ணி நிக்கற இடத்துலயே லாரி லாரியா மண்ண கொட்டி மேடாக்கி அதுமேல பேவர் பிளாக் பதிக்கறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா ஏரிய சுத்தி அப்படியே அகலமா மண்ண கொட்டுனா எவ்ளோ தண்ணி நிக்கற இடம் போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. அதுவும் ஓரத்துல முழங்கால் ஆழம் இருக்கற இடம்தான் கொக்கு, நாரை எல்லாம் வந்து நிக்கற இடம், மாடு தண்ணி குடிக்க இறங்கற இடமும் அதுதான். அங்க செங்குத்தா காங்கிரீட் சுவர் வச்சுட்டா பறவையும் நிக்காது, மாடும் இறங்காது, தவறி விழுந்த புள்ளையால ஏறி வரவும் முடியாது. கரை மேலயே நல்லா ரோலர் போட்டு இறுக்குன மண் பாதை போதுங்க, கால் வலிக்காரங்களுக்கு கல்ல விட மண்ணுதான் நல்லா இருக்குன்னு எங்கம்மாவே சொல்றாங்க.

ஏரி நிரம்புனா தண்ணி வெளிய போற கோடிய மறிச்சு கட்றத நினைச்சாத்தான் எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப இதே மாவட்டத்து ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன், கார் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போனத வீடியோல எல்லாரும் பாத்தோம். அப்படி ஒரு மழை இன்னொரு தடவ வராதுன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா? ஏரிக்கு தண்ணி வர்ற கால்வாய், நிரம்புனா வெளிய போற கோடி, ரெண்டும் அளந்து திறந்து விட்டுட்டு அப்புறம் ஊஞ்சல் வைங்க, சறுக்குமரம் வைங்க, கைதட்டி வரவேற்கறேன்.

ஆகாயத்தாமரை விஷயமும் இப்படித்தான். பொக்லைன் விட்டு வாரி கரையில போட்டு போட்டோ எடுத்துட்டு போயிடறாங்க, ரெண்டு மாசத்துல திரும்ப பச்சைப் பாய் விரிச்சிருது. சாக்கடைத் தண்ணில இருக்கற நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதுக்கு உரம், நல்ல சூடு இருந்தா ரெண்டு வாரத்துக்குள்ளயே ரெண்டு மடங்கு ஆகற செடி அது, விதை சேத்துக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும். சாக்கடைய திருப்பி விடாம செடிய மட்டும் வாருனா வாரிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நாத்தம் அடிக்கற தண்ணி பக்கத்துல பெஞ்சு போட்டா யாரு வந்து உக்காருவா?

பெஞ்சுன்னதும் இன்னொண்ணு. நம்ம ஊர்ல கிரானைட்டுக்கு பஞ்சமா? பளபளன்னு பாலிஷ் போட்ட கல் பெஞ்சா போட்டிருக்காங்க, நிழலுக்கு ஒரு மரம் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கும் கை வச்சா சுடுது, ஒரு பாட்டி முந்தானைய மடிச்சுப் போட்டு ஓரமா உக்காந்திருந்தாங்க, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. கரை மேல பெரிய மரம் வச்சா வேர் போய் கரைய பலவீனமாக்கும்னு சொல்லுவாங்க, சரிதான், கரைக்கு கீழ தள்ளி புங்கனும் வேம்பும் வச்சு பெஞ்சையும் அங்கயே போடலாமே. லேடீஸ் டாய்லெட் கட்டி பூட்டி வச்சிருக்காங்க, சாவி வாட்ச்மேன்கிட்டயாம், அவரு எங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல. ஆறு மணிக்கு மேல பாதி லைட் எரியறதில்ல, அதனால வேலை முடிச்சு வர்ற பொம்பளைங்க யாரும் அங்க நடக்கறதே இல்ல. திறப்பு விழாவுக்கு ஆகற செலவுல ஒரு பங்க ஒதுக்குனா ஒரு ஆளுக்கு வருஷம் பூரா சம்பளம் குடுத்து இதையெல்லாம் பாத்துக்க வைக்கலாம்.

உங்க ஊர் ஏரிக்கும் பார்க் வருதுன்னு கேள்விப்பட்டா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எஸ்டிமேட்டும் பிளானும் கேட்டு வாங்கிப் பாருங்க. அரசோட eservices.tn.gov.in சைட்ல சர்வே நம்பர் போட்டா, வருவாய்த்துறை நிலக் கணக்கான அ-பதிவேட்டுல ஏரி புறம்போக்கு எவ்ளோ பரப்புன்னு வந்துரும், அத பிளான்ல காட்டற பரப்போட ஒத்துப் பாருங்க. குறைஞ்சிருந்தா ஊராட்சின்னா கிராம சபையில, டவுன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல கால்வாயையும் கோடியையும் அளந்து கல் நடச் சொல்லி எழுதிக் குடுங்க, ரசீது வாங்காம வந்துராதீங்க. எங்க தெருவுல பத்துப் பதினஞ்சு பேரு சேந்து கையெழுத்து போட்டாச்சு, வர்ற திங்கட்கிழமை போறோம்.