அம்மாச்சியும் ஆறு பாகங்களும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் அக்காள் வீட்டு முற்றம் வலைகளாலும், கிழிந்த வலைகளைச் சரிசெய்ய வந்து உட்காரும் ஆட்களாலும், அவர்களுடைய பேச்சாலும் நிறைந்துவிடும். அந்தப் பேச்சு பெரும்பாலும் டீசல் விலையில் தொடங்கி, இறால் விலையில் போய் முடியும். சென்ற தடைக்காலத்தில் மட்டும் அது நியூயார்க் நகரத்து இரத்தக் காட்டேரிகளைப் பற்றியதாக இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்காள் மகள்தான் அதற்குக் காரணம்.

மாயமும் மந்திரமும் ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் நடக்காமல், பேருந்தும் காபிக் கடையும் உள்ள இன்றைய நகரத்துக்குள்ளேயே யார் கண்ணிலும் படாமல் நடக்கும் இளையோர் நாவல்கள் அவளுக்கு உயிர். இந்தப் பழக்கம் பெர்சி ஜாக்ஸனில் தொடங்கியது. அதில் கிரேக்கக் கடவுளரின் ஒலிம்பஸ், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு 102 மாடிகள்தானே என்று நான் கேட்டபோது, காவலாளியிடம் முறையாகக் கேட்டால் மின்தூக்கிக்குத் தனி அட்டை கொடுப்பார் என்று, வங்கியில் காசோலைப் புத்தகம் வாங்குவதைச் சொல்வது போல அவள் விளக்கினாள். பிறகு கசாண்ட்ரா கிளேர் எழுதிய ‘தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ வரிசைக்கு வந்து சேர்ந்தாள். மூன்று பாகங்களோடு முடிப்பதாக இருந்து, 2007 முதல் 2014 வரை ஆறு பாகங்களாக நீண்ட கதை அது. பாதி தேவதூத இரத்தம் கொண்ட ஷேடோஹண்டர்கள், உடம்பில் மந்திரக் குறிகளை வரைந்துகொண்டு, நகரத்தில் திரியும் பேய்களை வேட்டையாடுகிறார்கள். அவள் பேய் எதையும் வேட்டையாடவில்லை என்றாலும், குறிகளை மட்டும் கறுப்பு ஜெல் பேனாவால் இரண்டு கைகளிலும் முழங்கை வரை வரைந்துகொண்டாள்.

அம்மா முதலில் அதை ஏதோ புதுவகை மருதாணி என்றுதான் நினைத்தார். கிட்டே வந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டபோது, சும்மா கிறுக்கினேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தான் நேசிக்கும் நூலைப் பற்றி யார் கேட்டாலும் பிழையில்லாமல் விடை சொல்ல வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. “அம்மாச்சி, இதைச் சாதாரண மனுசங்க உடம்புல போட்டா புத்தி பேதலிச்சுச் செத்துப் போயிருவாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள். நூலின்படி அது சரியான தகவல்தான். அன்று மாலையே அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போய் நின்றார். மஃரிப் தொழுகை முடிந்து வருபவர்கள் ஓதி ஊதிவிடுவதற்காகக் குழந்தைகளோடு காத்திருக்கும் தாய்மார்களின் வரிசையில், எல்லோரையும் விட ஒரு முழம் உயரமாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் நின்றதை நான் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் தாய்மாமன் சற்றுத் தள்ளி நிற்பதே நல்லது.

பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பேனா மைம்மா, ரெண்டு நாள்ல போயிரும். எங்க வீட்டுலயும் ஒண்ணு இப்படித்தான் கையெல்லாம் கிறுக்கிக்கிட்டுத் திரியுது” என்றார். புத்தகங்களை இரவல் கொடுத்த வகுப்புத் தோழி அவருடைய மகள்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வந்ததற்கு வீணாக வேண்டாம் என்று ஓதி ஊதியும்விட்டார்; கூடவே, இரண்டாம் பாகத்தை மகள் முடித்துவிட்டாள், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஊரில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்திருக்கும் அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அத்தான் விசாரிக்க, மறுநாள் முதல் முற்றத்து வேப்பமர நிழலில் அவள் முதல் பாகத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். வலைக்காரர்களைப் போன்ற கடுமையான விமர்சகர்களை நான் எந்த இலக்கியக் கூட்டத்திலும் கண்டதில்லை. இரத்தக் காட்டேரிகளால் வெயிலில் நடமாட முடியாது என்றதும், அப்படியானால் அவன் மீன் வாங்க எப்போது வருவான் என்று ஒருவர் கேட்டார். ஏலமே விடியுமுன் நடக்கிறது, அவனுக்கு அதுதான் வசதி என்று இன்னொருவர் தீர்த்துவைத்தார். பேய்கள் பெரிய நகரத்தில்தான் அதிகம் என்று அவள் சொன்னதை மட்டும் ஒருவரும் ஏற்கவில்லை. ஆளில்லாத பனங்காட்டையும் உச்சிப்பொழுதையும் விட்டுவிட்டு, இத்தனை விளக்கு எரியும் ஊரில் முனிக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு அவளிடமும் பதில் இல்லை.

கதையில் வேட்டைக்காரர்களின் தலைமையகம், நம்மைப் போன்றவர்களின் கண்ணுக்குப் பாழடைந்த தேவாலயமாகத்தான் தெரியும். உற்று நோக்கும் ஆற்றல் உள்ளவர்களுக்கே அதன் உண்மை உருவம் தெரியும். இதைச் சொன்ன மாத்திரத்தில், “தனுஷ்கோடியில ஒண்ணு கெடக்கே” என்று ஒருவர் வாய்விட்டார். அந்த வாரமே நான் அவளை இருசக்கர வாகனத்தில் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தைக் கடந்து போக வேண்டியதாயிற்று. இரவில் பார்த்தால்தான் பொருத்தம் என்று அவள் வாதாடினாள். மாலைக்கு மேல் அங்கே வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால் தப்பித்தேன். 1964 டிசம்பர் புயலில் கூரை இழந்த அந்தத் தேவாலயத்தின் முன், சுற்றுலாப் பயணிகள் சங்கு மாலை பேரம் பேசிக்கொண்டிருக்க, அவள் இமைக்காமல் நெடுநேரம் நின்றாள். வெயிலில் பிள்ளைக்கு மயக்கம் வருகிறது போலும் என்று பயந்துபோன மாலைக்காரப் பெண், கடையை அப்படியே போட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். மணலில் கையால் தோண்டிய ஊற்றுத் தண்ணீர். கடலுக்குச் சில அடி தள்ளி எடுத்த நீர் இப்படித் தித்திப்பதைக் குடித்துப் பார்த்தவள், “மாமா, இங்க நிச்சயமா ஏதோ இருக்கு” என்று என் காதில் சொன்னாள்.

உண்மையான நெருக்கடி முதல் பாகத்தின் முடிவில் வந்தது. (இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) நாயகி கிளாரியும் வேட்டைக்காரப் பையன் ஜேஸும் ஒருவர்மேல் ஒருவர் ஆசை வைத்துவிடுகிறார்கள். செடிகள் நிறைந்த கண்ணாடி வீட்டில் நடக்கும் ஒரு காட்சியை, அப்பா பக்கத்தில் இருந்ததால், “ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தாங்க” என்று அவள் சொல்லிக் கடந்திருந்தாள். கடைசியில் வில்லன் வந்து, நீங்கள் இருவரும் என் பிள்ளைகள், அண்ணன் தங்கை என்கிறான். முற்றத்தில் வலை ஊசிகள் நின்றன. பேய், காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றையும் பாக்கு மென்றுகொண்டே கேட்டிருந்த அம்மா, முறை தவறியதென்றதும் எழுந்தேவிட்டார். “முறை என்ன, சொந்தம் என்னன்னு விசாரிக்காமலா பழகுவாங்க? அந்தப் பொண்ணோட ஆத்தாளுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். அந்த ஆத்தாள் முதல் அத்தியாயங்களிலேயே காணாமற்போய், மயக்கத்தில் கிடக்கிறாள் என்பதை நினைவூட்டியபோது, “அதுதானே பார்த்தேன்” என்று மறுபடி உட்கார்ந்தார்.

இரண்டாம் பாகம் வேகமாகக் கடந்தது. அதிலும் விடை இல்லை. விடை இருக்கும் மூன்றாம் பாகமோ, ஹஜ்ரத்தின் மகளோடு ஒரு கல்யாணத்துக்காகக் கீழக்கரைக்குப் போயிருந்தது. தடைக்காலம் முடியும் நாள் நெருங்க நெருங்க, ஐஸ் ஏற்றுவது, டீசல் நிரப்புவது ஆகியவற்றுக்கு இடையில், புத்தகம் வந்துவிட்டதா என்று படகு ஆட்கள் தெருவில் என்னையே நிறுத்திக் கேட்டார்கள். வராமலேயே ஜூன் 15ஆம் தேதி அத்தான் கடலுக்குப் போனார். அன்று மாலை புத்தகம் வந்தது; அவள் இரவெல்லாம் விழித்துப் படித்தாள்.

மறுநாள் காலை படகு திரும்பியபோது, தடைக்காலத்துக்குப் பிந்தைய முதல் பாடு என்பதால் வியாபாரிகள் கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தான் அவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு நேராக மகளிடம் வந்து, “என்ன, அண்ணன் தங்கச்சிதானா?” என்றார். அவன் வேறொருவருடைய மகன் என்றும், வில்லன் சொன்னது பொய் என்றும் அவள் சொன்னதும், இறால் பெட்டியைத் தலைமாற்றிக்கொண்டிருந்த ஒருவர் “அப்பாடா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

கூடையோடு நின்ற அம்மாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

“அப்பப் பேசி முடிக்க வேண்டியதுதானே. பெறகு எதுக்கு இன்னும் மூணு பாகம்?”