தொட்டிக்குள் இறங்கும் முன் ஒரு கயிறு

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், பாதுகாப்பு வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கழிவுநீர்த் தொட்டியில் யார் இறங்கினாலும் முதலில் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும், காற்றடிக்கும் ப்ளோயர் ஓட வேண்டும், இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் எங்கள் ஆட்கள் தாங்களாகவே செய்யும் நிலைக்கு வர 2023-இல் எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் முழுக்க வீண். இதே வேலையில் இருப்பவர்கள் அந்த ஐந்து மாதத்தையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தோலில் முடி நீக்கப் போடும் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும், பிறகு தோலை ஊறவைக்கும் பிக்கிள் என்ற அமிலத் தண்ணீரும் ஒரே கால்வாயில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும் என்பது தோல் வேலை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. அது காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மேலே ஏறிவிடலாம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். ஆனால் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. காப்பாற்றப் பின்னால் இறங்குகிறவரும் அங்கேயே விழுவார்.

இதைச் சொல்ல நான் வைத்த முதல் கூட்டம் சம்பள நாளன்று, ஷிப்ட் முடிகிற நேரத்தில். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எல்லாரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தலையாட்டிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒரு பெரியவர் தொட்டிக்குள் நிற்கிறார், கயிறு வெளியே சுருட்டியபடி கிடக்கிறது. ரிஜிஸ்டரில் ஆறு நாளுக்கும் 'வாயு பார்த்தாச்சு' என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். கோபத்தில் மெமோ எழுதி அவருக்கு அரை நாள் சம்பளம் பிடிக்க வைத்தேன்.

நான் செய்த பெரிய தவறு அதுதான். அன்றிலிருந்து யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஒரு பையன் தொட்டி ஓரத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட விஷயம் மூன்று வாரம் கழித்து டீக்கடையில்தான் என் காதுக்கு வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடுவில் வாயு மீட்டர் அலைச்சல் வேறு. அளவுதிருத்தத் தேதி முடிந்துவிட்டதென்று குடியாத்தத்தில் ரயிலேறி சென்னைக்குக் கொண்டுபோனேன். 'திருத்தும் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாங்க' என்றார் அங்கிருந்தவர். நான்கு நாள் முன்பே போனில் கேட்டபோது வரச் சொன்னவரும் அவர்தான். போவதற்கு முன், சிலிண்டர் கையிருப்பில் இருக்கிறதா என்று அதையே தனியாகக் கேளுங்கள்.

சரி, ஐந்தாம் மாதம் அந்தப் பெரியவரிடமே போனேன். பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஏன் கயிறு கட்டுவதில்லை என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கயிறு கட்றதுல எனக்கு இன்னா தம்பி கஷ்டம்? அத புடிச்சிக்கினு நிக்கிறவனுக்கு அன்னிக்கு கூலி யார் தருவா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் பாதிப் பேருக்குப் பீஸ் ரேட், செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு மணி நேரம் கயிறு பிடித்தால் அந்த ஒரு மணி நேரக் கூலி போச்சு. இதை எந்தப் போஸ்டரும் சரிசெய்யாது. கையுறை போடாததும் அப்படித்தான். நாங்கள் வாங்கியது மணிக்கட்டு வரைதான். சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கிக் கையைப் புண்ணாக்கியது. முழங்கை வரை வருவதை வாங்கியதும் அந்தப் பேச்சு முடிந்தது.

கயிறு பிடிப்பவருக்கு நாள் கூலி கேட்டபோது அலுவலகக் கணக்கர், "சும்மா நிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று மூன்று முறை தாளைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவைத் தமிழில் எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். கயிற்றின் நுனியை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டி உடைந்து 10 பேர் இறந்ததையும் நினைவுபடுத்தினேன். அவர் அன்றே கையெழுத்துப் போட்டார். பிறகு பாதுகாப்புக் குழு அமைத்தோம், நிர்வாகத்தில் நாலு பேர், ஆட்களில் நாலு பேர். பெரியவரும் அதில் ஒருவர்.

எட்டாம் மாதம் சேறு வார ஒப்பந்த ஆட்கள் இரண்டு பேர் கயிறில்லாமல் வந்தார்கள். நான் அன்று வேலூரில் இருந்தேன். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் யார்டுப் பையன்கள் அவர்களை மூடியைத் தொடவிடவில்லை. லாரி காத்திருக்கிறது என்று மேனேஜர் சத்தம் போட்டும் நகரவில்லை. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கியதும் அது கத்தத் தொடங்கியிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ப்ளோயர் ஓடி, மீட்டர் அடங்கின பிறகுதான் ஒருவர் இறங்கினார். நான் திரும்பி வந்தபோது பெரியவர் தொட்டி ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார்.