கையெழுத்து, வாய்தா, குண்டாஸ்: வடசென்னைக் குறிப்புகள்

2025 ஜூன் 2, திங்கள்

காலை 10.30. ஜாமீனில் வந்தவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நேரம். உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் பெரும்பாலும் இதே நேரம்தான். எதிராளிக்கும் அது தெரியும். ஸ்கெட்ச் போடுகிறவன், அதாவது வெட்டத் திட்டம் போடுகிறவன், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கே, எத்தனை மணிக்கு என்பது உத்தரவிலேயே இருக்கிறது. தனியாகப் போனால் வெட்டு பயம். நாலு பசங்களோடு போனால் புது கேஸ் பயம். அதனால் அம்மாவோ பெண்டாட்டியோதான் கூட வருகிறார்கள். பகை முற்றியிருந்தால் வெளியூரில் தங்கிக் கையெழுத்துப் போட அனுமதி கேட்டு மனுப் போடுவது நல்லது. பிழைப்பும் இந்த நேரத்தில்தான் அடிபடுகிறது. காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறவன் விடியலிலேயே வேலையை முடித்துவிடலாம். லோடு ஏற்றுகிறவனுக்கு அன்றைய கூலி போச்சு.

ஜூன் 3

ஜாமீன் கிடைத்தது என்றால் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். பல உத்தரவுகளில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். போட்டோ, இடது பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல். 15 நாள் கெடு வைத்த உத்தரவென்றால், தவறினால் ஜாமீனே போய்விடும். அண்ணன் தம்பி எல்லாருமே கேஸில் இருக்கும் வீட்டில் ரத்த உறவுக்கு எங்கே போவது? மாலையில் கைதிகளை அறைகளில் அடைப்பதற்குள் விடுதலை உத்தரவு புழல் சிறைக்குப் போய்ச் சேராவிட்டால் இன்னொரு ராத்திரி உள்ளேதான்.

ஜூன் 5

நன்னடத்தைப் பத்திரம், அதாவது இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 110, இப்போது புதுச் சட்டத்தில் (BNSS) 129. மூன்று வருஷம் வரை எழுதி வாங்கலாம். நடுவில் சின்ன அடிதடி என்றாலும் பத்திரத்தை மீறியதாகச் சொல்லி மீதிக் காலத்துக்கு உள்ளே தள்ளலாம். எழுதிக் கொடுத்த தேதியே பலருக்கு நினைவிருக்காது. போலீஸ் துணை ஆணையர்களுக்கு இந்த அதிகாரத்தைத் தந்த அரசாணைகள் செல்லாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஜூன் 6

குண்டாஸில் நாட்களை எண்ணத் தெரிய வேண்டும். விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கும் தடுப்புக் காவல் சட்டம் அது, 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். அடைத்ததற்கான காரணங்கள் 5 நாளில் கையில் வர வேண்டும். 12 நாளில் அரசு ஒப்புதல். 3 வாரத்தில் கோப்பு, காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கு. உச்சக் காலம் 12 மாதம். ஆட்கொணர்வு மனுவில் பல உத்தரவுகள் உடைவது குற்றம் பொய் என்பதால் இல்லை. கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதமானது போன்றவற்றால்தான். அதனால் வீட்டுக்கு வந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளையும் தொலைக்கக் கூடாது. மங்கலான பக்கம்தான் தங்கம்.

ஜூன் 9

ஒரே நாளில் ஜார்ஜ் டவுனில் ஒரு வாய்தா, செங்கல்பட்டில் ஒரு வாய்தா. ஒன்றுக்குப் போனான், இன்னொன்றில் வக்கீல் '317', அதாவது வராததைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் மனு, போடவில்லை. (புதுச் சட்டத்தில் அது 355 ஆகிவிட்டது, வாயில் இன்னும் 317தான்.) பிடிவாரண்ட். இனி வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு, அதற்கு ஒரு நாள், அந்த நாளுக்கும் கூலி இல்லை.