கைலின்னா அவ்வளவு இளக்காரமா?

சென்னையில ஒரு கைத்தறி எக்ஸ்போர்ட் கம்பெனில க்யூசி வேலை, அதாவது துணித் தரம் பாக்குற வேலை பாத்தேன், துணிய டேபிள்ல விரிச்சு, லென்ஸ் வெச்சு இஞ்சுக்கு எத்தனை இழைன்னு எண்ணணும், கரை நேரா இருக்கா, பாவு, அதான் நீளவாக்கு நூல், எங்கயாச்சும் அறுந்திருக்கா, சாயம் திட்டுத்திட்டா தெரியுதா, நாள் பூரா இதேதான். கட்டம் போட்ட துணின்னா எனக்கு அப்பா டீக்கடைக்குக் கட்டிட்டுப் போற கைலி, அவ்வளவுதான். அதோட கல்யாண வீட்டுக்குக் கிளம்பினா அம்மா வாசலத் தாண்ட விடமாட்டாங்க.

அங்க இருந்த சீனியர் அண்ணன்தான், "இது நைஜீரியாவுல விசேஷத்துக்குக் கட்டுற துணிடா தம்பி"ன்னார். கலாய்க்கிறார்னு நெனச்சேன், நெசம்தான். நைஜர் டெல்டா பக்கம் களபாரி மக்கள் நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணிய இஞ்சிரின்னு சொல்வாங்களாம், சாவு வீட்டுல, இறந்த பெரியவங்களோட கட்டிலை அலங்கரிக்கறதுக்கும் இது வேணும். அந்த ஊர்ப் பொம்பளைங்க இந்தத் துணியில குறிப்பிட்ட இழைய மட்டும் பிளேடால அறுத்து உருவி வேற டிசைனே கொண்டு வந்துருவாங்க, அதுக்குப் பேரு பெலெத்தே பிட்டே. ஒரு இழை அறுந்தாலே ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுறவன் நான்!

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பழவேற்காட்டுல டச்சுக்காரங்க 1613-ல ஜெல்ட்ரியா கோட்டை கட்டினாங்க, இந்தப் பக்கத்துத் துணிய ஏத்திட்டுப்போய் இப்ப இந்தோனேசியான்னு சொல்ற கிழக்குத் தீவுகள்ல மிளகு, கிராம்பு வாங்குறதுக்கு. இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு பிரான்சிஸ் டே 1639-ல மதராசப்பட்டினத்துல எடம் வாங்கினதுக்கும் துணி மலிவுங்கறது ஒரு காரணம். பின்னாடி மேற்கு ஆப்பிரிக்காவுல இந்தியப் பருத்தித் துணியக் கொடுத்து மனுசங்களையே அடிமையா வாங்கியிருக்காங்க, அதைப் படிச்ச அன்னிக்கு லென்ஸ எடுக்கவே பிடிக்கல. 1960-கள்ல அமெரிக்காக்காரன் இதே கட்டத்துல சட்டை தச்சு, துவைச்சா சாயம் போகும், அதான் அதோட அழகுன்னு விளம்பரமே போட்டு வித்தான், நம்ம ஊர்க் கடையில சாயம் போனா விடுவோமா சொல்லுங்க.

இவ்வளவு இருந்தும் எங்க ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னா, பண்டல் கொண்டு வந்த நெசவாளர் பெரியவர் ஒருத்தர கைலி கட்டியிருக்கார்னு ரிசப்ஷன்ல உக்கார விடல. சுத்தி வந்து குடோன் வழியா உள்ள வந்தார். "ஐயா உக்காருங்க"ன்னு சேர் போட்டேன், அவர் அதைக் கண்டுக்கவே இல்ல, பண்டலப் பிரிச்சுக்கிட்டே, "போன லோடுக்குக் கூலி பாக்கி இருக்கே தம்பி, எப்ப போடுவாங்க?"ன்னு கேட்டார்.