பம்ப் ஏற்றிய நூறு

பெங்களூரில் நான் பணிபுரியும் ஐ.சி.யூ.வுக்கு அல்சூர்ப் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னைத் தனியே பிடித்துத் தமிழில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பி.பி. ஏறிடுச்சா டாக்டர்?" சிறுநீர்த் தொற்று முற்றி செப்டிக் ஷாக்கில், அதாவது தொற்றால் இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்த நிலையில், சேர்க்கப்பட்ட ஓர் அம்மாவின் மகன், மானிட்டரில் 100/48 என்றிருந்ததைக் காட்டி, "நூறு வந்துடுச்சுங்களே" என்றார். அது, இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் நாரட்ரினலின் மருந்து பம்ப் வழியே ஏற்றிவைத்திருந்த நூறு. பம்பை நிறுத்தினால் சில நிமிடங்களில் சரிந்துவிடும்.

நாங்கள் பார்ப்பது மேல் எண்ணை அன்று, சராசரித் தமனி அழுத்தத்தை. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணுடன் கூட்டினால் அது கிடைக்கும். அந்த அம்மாவுக்கு 65. சர்வதேச வழிகாட்டுதல்கள் கேட்கும் தொடக்க இலக்கும் அதுவே.

இன்னும் ஏற்றினால் இன்னும் நல்லதுதானே என்று பயிற்சிக் காலத்தில் நானும் எண்ணியதுண்டு. பிரான்சில் 776 நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 80–85 இலக்கு வைத்தவர்களில் 36.6 சதவீதம் பேரும், 65–70 வைத்தவர்களில் 34 சதவீதம் பேரும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். அதாவது, உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உயர்ந்த இலக்கு வைத்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவது மட்டும் கூடியது. ஆனால் ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் உயர்ந்த இலக்குப் பக்கம்தான் குறைவு என்பதால், அத்தகைய நோயாளி வந்தால் நான் சற்றுத் தயங்கியே இலக்கை முடிவு செய்கிறேன்.

என்னை உலுக்கியது 2004-இல் வெளியான வேறோர் ஆய்வு. இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் மருந்து அழுத்தத்தை அழகாக உயர்த்தியது. இறப்பும் கூடியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஆகவே, இரத்தம் உடலின் கடைக்கோடி வரை போய்ச் சேர்கிறதா என்றறிய விரலையும் பார்க்கிறேன். அந்த அம்மாவின் ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடிச் சில்லால் பத்து வினாடி அழுத்தி விட்டபோது, மூன்று வினாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு ஆறாவது வினாடியில்தான் திரும்பியது. முழங்கால்களில் ஊதா நிறத் திட்டுகள். குழாய் வழியே சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையில் அடியை நனைக்கும் அளவுதான்.

மறுநாள் காலை விரல் இரண்டு வினாடியில் சிவந்தது, பை பாதி நிறைந்திருந்தது, நாரட்ரினலினையும் பாதியாகக் குறைத்திருந்தோம். மானிட்டரில் அதே 100/48. மகன் முகம் வாடி, "ஒண்ணும் ஏறவே இல்லையேங்க டாக்டர்" என்றார்.